கழுவி வந்த டப்பா

மாலை மணி நான்கு பத்து. முதலில் கண்ணில் பட்டது சாப்பாட்டு டப்பா. அது கழுவியிருந்தது.

என் கணவர் பையைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போயிருந்தார். நான் மூடியைத் திறந்து பார்த்தேன். மிளகு ஒட்டியிருக்கவில்லை. விளிம்பில் நெய்ப்பிசுக்கு இல்லை. சோப்பு வாசனையும் இல்லை. உள்ளே நாரால் அழுத்தித் தேய்த்த கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரிந்தன. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கப் பச்சை ஸ்க்ரப்பர்தான். தேங்காய் நார் கிடையாது.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் டப்பாவைக் கழுவிக் கொண்டுவந்ததில்லை. காய்ந்துபோன மிச்சத்தோடுதான் வரும். கேட்டால், "பஸ்ஸுல இன்னா கொழாயா கீது?" என்பார். இன்று குழாய் எங்கிருந்து வந்தது? கேட்கவில்லை. என்ன கேட்பது என்பதைவிட எப்போது கேட்பது என்பது முக்கியம். ஒரு நாளிதழுக்குச் செங்கல்பட்டு நிருபராக இருந்த வருடங்களில் கற்றது அது. அலுவலகத்தை மூடிவிட்டார்கள். இப்போது அவ்வப்போது வீட்டிலிருந்து எழுதுகிறேன். மற்ற நேரத்தில் சமைக்கிறேன்.

அவர் கம்பெனி பஸ் ஓட்டுகிறார். விடியும் முன் மதுராந்தகம் பக்கம் போய் ஆட்களை ஏற்றி, மறைமலைநகரில் தொழிற்சாலை வாசலில் இறக்குவார். பிறகு வெறும் வண்டியாகத் தெற்கே திரும்பி, மதிய ஷிப்ட் ஆட்களை அழைத்து வருவார். நடுவில் முற்பகல் முழுக்க வண்டியும் அவரும் சும்மா. அந்த நேரத்துக்குத்தான் டப்பா.

பொங்கல் கழிந்த வாரம் டிரைவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை நடந்தது. அவருடைய மூன்று மாதச் சர்க்கரை சராசரி ஒன்பதைத் தாண்டியிருந்தது. தொழிற்சாலையில் புதிதாக ஒரு விதி போட்டிருந்தார்கள். எட்டுக்கு மேல் இருப்பவர் ஆள் ஏற்றிய வண்டியை ஓட்டக்கூடாது. ஏப்ரலில் மறுபடி ரத்தம் எடுப்பார்கள். அப்போதும் குறையாவிட்டால் ஷெட்டில் வண்டி கழுவும் வேலை என்று பஸ் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். என் கணவருக்கு ஐம்பத்தொரு வயது. வேறு வேலை எதுவும் அவர் பார்த்ததில்லை.

"இன்னா பண்லாம்?" என்று அன்றைக்குக் கேட்டார். அவர் என்னிடம் அப்படிக் கேட்பது அபூர்வம்.

மாத்திரையை டாக்டர் கூட்டினார். சாப்பாட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

அவர் வெறும் பச்சைக் காய்கறி சாப்பிடும் ஆள் இல்லை. வெண்பொங்கல், வடகறி, பரோட்டா சால்னா, மழை வந்தால் போண்டா. இவை இல்லாவிட்டால் அவருக்கு நாள் நாளாக இருக்காது. ஆகவே அதே பண்டங்களை வேறு வழியில் செய்ய முடிவு செய்தேன். பொங்கலில் பச்சரிசிக்குப் பதில் சாமை, பாசிப்பருப்பு இரண்டு பங்கு, நெய் ஒரு ஸ்பூன். வடையை எண்ணெயில் போடாமல் பணியாரக் கல்லில் சொட்டு எண்ணெய் விட்டுத் திருப்பினேன். சால்னாவில் தேங்காயைக் குறைத்துப் பொட்டுக்கடலை அரைத்து ஊற்றினேன். வடகறிக்குப் பருப்பு உருண்டைகளைப் பொரிக்காமல் இட்லித் தட்டில் வேகவைத்து உதிர்த்தேன்.

அவர் வடகறியை விரலால் தள்ளிப் பார்த்தார். "இதுல வடையும் இல்ல, கறியும் இல்ல" என்றார். ஆனால் சாப்பிட்டார்.

கடைச் சரக்கின் மேலும் எனக்கு நம்பிக்கை இல்லை. பஜாரில் வாங்கிய சாமை ரவை மாதிரி வெள்ளையாக இருந்தது. சாமை அவ்வளவு வெள்ளையாக இருக்கக் கூடாது. உமியோடு தவிட்டையும் தீட்டி எடுத்திருக்கிறார்கள் என்று கடைக்காரரிடம் சொன்னேன். "மேடம், இது ஆர்கானிக்" என்றார். எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினார். பாக்கெட்டில் ஒரு பச்சை இலைப் படம் இருந்தது. கோதுமை ரொட்டி என்று விற்றதன் பொருள் பட்டியலில் முதல் பெயர் மைதா. சர்க்கரை சேர்க்காதது என்ற பிஸ்கட்டில் வெல்லம். வெல்லம் சர்க்கரை இல்லையா என்று கேட்டதற்கு, "அது நாட்டு அயிட்டம் மேடம்" என்றார். பழுப்பான சாமை வேறொரு கடையில் கிடைத்தது. அதையும் தட்டில் பரப்பிப் பார்த்துத்தான் உலையில் போட்டேன்.

ஒரு மாதம் போனது. காலை வெறும் வயிற்றில் சுகர் மெஷினில் விரலைக் குத்திப் பார்த்தால் அளவு இறங்கியிருக்கும். மாலையில் வீடு திரும்பியதும் பார்த்தால் ஏறியிருக்கும். இரவுச் சாப்பாடு என் கண் முன்னால் நடக்கிறது. அப்படியானால் ஏறுவது பகலில். பகலில் அவரிடம் இருப்பது என் பொங்கலும் என் வடையும். அவை மட்டும்தான் என்று அவர் சொன்னார்.

அப்படி இருக்கும்போதுதான் டப்பா கழுவி வந்தது. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும்.

நான் கவனிக்கத் தொடங்கினேன். அவர் வலது கை விரல்களில் பச்சை வெங்காய வாசனை இருந்தது. பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி வைப்பார்கள், அதில் வெங்காயம் இருக்கும் என்று நினைத்தேன். பச்சடி தின்றவன் பிரியாணியைத் தொடாமல் இருந்திருக்க முடியாது. சட்டைப் பையில் ஒரு முறை மிளகாய் விதை இருந்தது, கருகியது. இன்னொரு நாள் மேல்சட்டையில் வெளிர் சாம்பல் நிறத்தில் ஒரு சொட்டுக் கறை. தண்ணீர் பட்டதும் கரைந்தது. எண்ணெய்க் கறை கரையாது. பிரியாணி இல்லை என்று அப்போதே எனக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

அவரோடு வண்டி ஓட்டும் இன்னொரு டிரைவருக்கு ஃபோன் போட்டேன். உறவில் ஒரு கல்யாணத்துக்கு அழைப்பு வைக்க முகவரி வேண்டும் என்று தொடங்கி, சாப்பாட்டுக்கு வந்தேன்.

"அண்ணி, அவரு டீக்கே சக்கரை வேணான்றாரு. பஜ்ஜி நீட்னா மூஞ்சிய திருப்பிக்கிறாரு. நாங்க தான் பேஜாரா கீறோம்."

"பதினோரு மணிக்கு எங்க சாப்பிடறீங்க எல்லாரும்?"

"நாங்க ஷெட்ல. அவரு வண்டிய எட்த்துகினு முன்னாடியே போய்டுவாரு." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "அண்ணி, நீங்க ரிடையர் ஆனது பேப்பர்லந்தா, போலீஸ்லந்தா?"

சிரித்துவிட்டு வைத்தார். முன்னாடியே போய்விடுவார் என்பதை நான் எழுதி வைக்கவில்லை. மறக்கவும் இல்லை.

அடுத்த சந்தேகம் என் நாத்தனார் மேல் போனது. என் கணவரின் அக்கா. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடல் சத்தம் கேட்கும் தூரத்தில் அவர் வீடு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே மீன் சாப்பிடப் போவோம். அந்த முறை மீன் துண்டை வறுக்காமல் தோசைக்கல்லில் சுடச் சொல்லலாம் என்று நானே மசாலா தடவிக் கொண்டுபோயிருந்தேன்.

நாத்தனார் தம்பியை மேலும் கீழும் பார்த்தார். "இன்னாடா, பாதியாயிட்ட. வூட்ல சோறு போடறாங்களா, பேப்பர் போடறாங்களா?"

"சாமை போடறா" என்றார் அவர்.

"அது குருவிக்கி போடறது இல்ல?"

"அண்ணி, ஏப்ரல்ல டெஸ்ட் இருக்கு" என்றேன். "சர்க்கரை குறையலைன்னா வண்டி கிடையாது."

"அத்த நான் இன்னா வேணான்னா சொன்னேன்? கொறையட்டும். ஆளே கொறைஞ்சிட்டா வண்டிய யாரு ஓட்றது?"

நான் கொண்டுபோன மீன் கல்லில் ஒட்டிக்கொண்டது. நாத்தனார் அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துத் தட்டில் வைத்தார். சொல்லாததைச் சத்தமாகச் செய்தார்.

கிளம்பும்போது பைக் அருகே அவர் தம்பியின் கையில் ஒரு பிளாஸ்டிக் கவரைத் திணித்ததைப் பார்த்தேன். இருவரும் என் பக்கம் திரும்பவில்லை. வழியெல்லாம் அது அதிரசமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே பின்னால் உட்கார்ந்து வந்தேன். வீட்டில் அவர் குளிக்கப் போனதும் பிரித்தேன். மோர் மிளகாய். உப்பும் மோரும் ஊறிக் காய்ந்தது, ஒரு படி இருக்கும். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். மோர் மிளகாயில் சர்க்கரை இல்லை. பழையபடி மடித்து வைத்தேன். அடுத்த வாரத்துக்குள் கவர் வீட்டிலிருந்து காணாமல் போனது. எங்கள் வீட்டில் யாரும் மோர் மிளகாய் வறுக்கவில்லை.

மார்ச் மாதம் வேடந்தாங்கலிலிருந்து பறவைகள் கிளம்பத் தொடங்கியிருந்தன. அதைப் பற்றி ஒரு பத்திரிகைக்குச் சிறு கட்டுரை எழுத வேண்டியிருந்தது. காலையில் போய், ஏரிக்கரையில் இருவரிடம் பேசிவிட்டு, ஷேர் ஆட்டோவில் கருங்குழி வழியாகத் திரும்பினேன். திருச்சி நெடுஞ்சாலையான ஜி.எஸ்.டி. சாலையை நெருங்கும்போது புளியமரத்தடியில் ஒரு கம்பெனி பஸ் நின்றது. எண்ணைப் படிக்கத் தேவையில்லை. முன்கண்ணாடியில் நான் ஒட்டிய எலுமிச்சம்பழப் படம் இருந்தது. மணி பதினொன்று ஆகவில்லை.

இறங்கினேன்.

மரத்தின் மறுபக்கம் ஒரு தள்ளுவண்டி. இரண்டு மண்பானை, மேலே ஈரத்துணி. பெஞ்சில் என் கணவர், கையில் பெரிய சொம்பு. எதிரே ஸ்டூலில் ஒரு பெண், என் வயது இருக்கும். அவள் மடியில் என் டப்பா. என் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதுவரை நான் அந்தத் திசையில் யோசித்திருக்கவில்லை. அந்த நொடியில் யோசித்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். சொம்பைக் கீழே வைக்கவில்லை. "பறவ பாத்தாச்சா?" என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். "அண்ணாத்த, அண்ணியா?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திருக்காமல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். "ஒக்காருமா. ஒன் பொங்கலு நல்லா கீது. உப்பு மட்டும் பத்தல. நான் தினிக்கும் கொஞ்சம் போட்டுக்கிறேன்."

"தினமுமா?"

"கூழு ஊத்தி ஊத்தி எனக்கு கூழு எறங்காதுமா. அண்ணாத்த டப்பாவ குடுப்பாரு, நான் சொம்ப குடுப்பேன். டப்பாவ சும்மா குடுத்தா நல்லா இருக்காதுன்னு கழுவி குடுப்பேன்."

வண்டிச் சக்கரத்தின் அருகே ஒரு தண்ணீர்க் குடமும் தேங்காய் நாரும் இருந்தன. தட்டில் உரித்த சின்ன வெங்காயமும் வறுத்த மோர் மிளகாயும். மிளகாயைப் பார்த்தேன். நாத்தனார் வீட்டு மிளகாய்தான், காம்பைக் கிள்ளாமல் ஊறப்போட்டது.

வண்டியின் மேல் ஒரு ஃப்ளெக்ஸ் போர்டு கட்டியிருந்தது. பழைய எழுத்துகள் வெளிறியிருந்தாலும் படிக்க முடிந்தது: சுகர், பிரஷர், கொழுப்பு, மூட்டுவலி அனைத்துக்கும் கேழ்வரகுக் கூழ். கீழே, இங்கே தினமும் கிடைக்கும்.

"எத்தனை நாளா?" என்று அவரிடம் கேட்டேன்.

"டெஸ்ட் வந்த மறுநாள்லந்து. டப்பா மாத்திக்கிறது ஒரு மாசமா தான்." சொம்பில் பாதி மிச்சமிருந்தது. அதைக் குடித்து முடித்தார். "சுகருக்கு கூழு மாதிரி ஒண்ணு கெடயாதுன்னு எல்லாம் சொன்னாங்க. ரெண்டு சொம்பு தினிக்கும். நான் பாட்டுக்கு கொறச்சிகினு வரலாம்னு பாத்தேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீ தராசு வெச்சி செஞ்சிகினு கீற. அது பத்தலன்னு நான் எப்டி சொல்றது?"

நான் எதிர்பார்த்திருந்த பதில்களில் அது இல்லை. பிரியாணிக்கு ஒரு கேள்வி வைத்திருந்தேன், பரோட்டாவுக்கு ஒன்று, நாத்தனாருக்கு ஒன்று. வெளியே என்ன தப்பாகச் சாப்பிடுகிறீர்கள் என்றுதான் இரண்டு மாதமும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருந்தேன். தப்பாக எதுவும் சாப்பிடவில்லை என்று அவர் சொன்னதில் அவரைப் பொறுத்தவரை பொய் இல்லை.

கூழில் என்ன போடுகிறீர்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். கேழ்வரகு மாவு, கூடவே நொய். நொய் என்றால் உடைந்த அரிசி. இரண்டையும் கரைய வேகவைத்து, புளிக்கவிட்டு, மோர் விட்டுக் கரைப்பது. எந்தப் பக்கத்துக் கூழும் அப்படித்தான் என்றாள். ஆடி மாதம் அம்மன் கோயிலில் ஊற்றுவதும் அதுதான். அதைக் குடித்து யாருக்கு என்ன வந்தது?

"இது சுகரை ஏத்தும்னு நினைக்கறேன்" என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "எம்மா, இந்த ரோட்ல டாக்டரு கார நிறுத்தி குடிச்சிட்டு போறாரு." டப்பாவை வாங்கிக் குடத்துத் தண்ணீரில் முக்கினாள். "நீ வேணா குடிச்சி பாரு."

குடித்தேன். வெயிலுக்கு நன்றாகத்தான் இருந்தது.

அவள் சொன்னதையும் நான் நம்பவில்லை, நான் நினைத்ததையும் நம்பவில்லை. அந்த ஞாயிறு நாத்தனார் வீட்டுக்குப் போகாமல் வீட்டிலேயே கூழ் காய்ச்சினேன். நொய் சேர்த்து, அதே பக்குவத்தில், அதே அளவு சொம்பில். குடிப்பதற்கு முன் மெஷினில் பார்த்தோம். இரண்டாவது சொம்பு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம். அளவு இரண்டு மடங்கைத் தாண்டிப் போயிருந்தது. அவர் மெஷினைத் தட்டினார். பேட்டரி என்றார். புது பேட்டரி போட்டு, என் விரலைக் குத்தி என்னுடையதைப் பார்த்தேன். மெஷின் சரியாக இருந்தது.

அடுத்த நாள் விடுப்பு எடுக்கச் சொன்னேன். அன்றைக்குச் சோதனை என்னுடைய சாமைப் பொங்கலுக்கு. நான் டப்பாவில் வைக்கும் அதே அளவு. நல்லதுதானே என்று அரிசிப் பொங்கல் வைத்த நாளைவிட ஒரு கரண்டி கூடவே வைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி நேரம். அதுவும் ஏறியது. கூழ் அளவுக்கு இல்லை. ஆனால் இதனால் இறங்கியிருக்கும் என்று சொல்ல வழியில்லாத எண்.

அவர் எண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அந்தம்மா தான் பொங்கல துண்ணு என்ன காப்பாத்திக்கினு வந்துருக்குது போல" என்றார்.

டாக்டரிடம் போனோம். அவர் நாங்கள் இருவரும் சொன்னதைக் கேட்டார். தானியம் எதுவானாலும் அதில் மாவுச்சத்து உண்டு, எவ்வளவு குழைகிறதோ அவ்வளவு சீக்கிரம் ரத்தத்தில் ஏறும், அளவுதான் முக்கியம் என்றார். கூழை நிறுத்தச் சொன்னார். சாமையைப் பாதியாக்கச் சொன்னார். நீங்கள் உங்கள் காரை எப்போதாவது கருங்குழியில் நிறுத்தியிருக்கிறீர்களா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

வெளியே வந்ததும் என் கணவர் படியில் நின்று செருப்பு மாட்டினார். "கூழயும் நம்பக்கூடாதுன்னா வேற இன்னாத்த தான் நம்பறது?"

ஏப்ரல் பரிசோதனைக்கு மிச்சமிருந்தது சில வாரங்கள். மூன்றடுக்கு டப்பா ஒன்று வாங்கினேன். அதன் கீழடுக்கில் பொங்கல் கைப்பிடி அளவாகச் சுருங்கியது. நடு அடுக்கில் சுண்டல், அவித்த முட்டை, முருங்கைக்கீரைத் துவட்டல். மேலடுக்கில் நாத்தனார் சுட்டுக் கொடுத்தனுப்பிய மீன். இந்த முறை கல்லில் ஒட்டவில்லை. எண்ணெயை ஒரு ஸ்பூன் கூட்டியிருந்தார், சொல்லாமல். மாலையில் மெஷின் காட்டிய எண்கள் இறங்கின. ஒவ்வொரு முறையும் இரண்டு விரலில் குத்திப் பார்த்தேன். ஒரு விரலை நம்ப முடியவில்லை. "இன்னா, அடுத்து கால் வெரலா?" என்றார் அவர்.

வண்டியை மட்டும் அதே புளியமரத்தடியில்தான் நிறுத்தினார். நிழல் அங்கேதான் இருக்கிறது என்றார். நான் இரண்டு முறை முன்னறிவிப்பு இல்லாமல் போய்ப் பார்த்தேன். முதல் முறை அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார். இரண்டாம் முறை வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். கூழ்க்காரப் பெண் என்னைப் பார்த்து, "பயப்படாத, ஊத்தல" என்றாள். "பொங்கலும் வரல. நான் இப்ப ஓட்டல் இட்லி துண்றேன்." போர்டு அப்படியே இருந்தது. மூன்று பேர் வரிசையில் நின்றார்கள். அவர்களில் ஒருவர் தனக்குச் சுகர் என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏப்ரலில் ரத்தம் எடுத்தார்கள். முடிவை மேற்பார்வையாளர் ஃபோனில் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். எட்டு புள்ளி மூன்று. இறங்கியிருக்கிறது, ஆனால் எட்டுக்கு மேல். இது மூன்று மாதச் சராசரி, அதில் முதல் இரண்டு மாதம் வேறு கணக்கு, மறுபடி ஒரு மாதம் கழித்துப் பாருங்கள் என்று நான் ஃபோனை வாங்கிச் சொன்னேன். விதியில் அப்படி இல்லை மேடம் என்றார். விதியை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். அப்படி இல்லைதான். அடுத்த பரிசோதனை ஜூலையில்.

மறுநாள் அவர் வண்டியை மறைமலைநகர் ஷெட்டில் ஒப்படைத்தார். அன்று மாலை அதே பஸ்ஸில் செங்கல்பட்டுக்குத் திரும்பினார். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில், ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வந்தார்.